கிராண்ட் ஆல் கொடுத்தும் ‘நீ ஓனர் இல்லை’ என்றது: ஒரு பூக்கடை டேட்டாபேஸின் நிகழ்வு ஆய்வு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் ஒரு கமிஷன் கடையின் கணக்கு மென்பொருள் இது. நிலக்கோட்டை, உசிலம்பட்டி, வலையங்குளம் பக்கமிருந்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லி, பிச்சி, முல்லையை எடை போட்டு, விற்ற விலையில் கமிஷன், வண்டி வாடகை, ஏற்கெனவே வாங்கிய முன்பணம் எல்லாம் கழித்து, ஆளுக்கு ஒரு பில்லைக் கையில் கொடுக்க வேண்டும். விடியும் முன்பே தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை. பூ வாடுமுன் விற்றாக வேண்டும் என்பதால் பில் மெஷின் நின்றால் கடை நின்ற மாதிரி.

மென்பொருளை எழுதிப் பார்த்துக்கொள்வது கே.கே. நகரில் உள்ள மிகச் சிறிய அலுவலகம். பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் 16 என்ற டேட்டாபேஸ் மென்பொருள், வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில். கடை, அலுவலகம், ஆட்கள் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். டேபிள் பெயர்களும், ரோல் (டேட்டாபேஸில் அனுமதிகளைத் தாங்கும் கணக்கு) பெயர்களும் புரிவதற்காக மாற்றப்பட்டவை.

நடந்தது இதுதான். தை மாத முகூர்த்தங்கள் வருமுன், வண்டி வாடகையை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ‘பில்’ டேபிளில் ஒரு நெடுவரிசை கூட்டினால் போதும். மாற்றத்தை ஓட்டியதும் ‘மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள் பில்’ (பில் டேபிளின் ஓனராக இருக்க வேண்டும்) என்று பிழை. பொறுப்பில் இருந்த தம்பி, ஆப், அதாவது கடையின் பில் மென்பொருள், பயன்படுத்தும் லாகினுக்கு அந்த டேபிளில் கிராண்ட் ஆல் (எல்லா அனுமதியும் தரும் கட்டளை) கொடுத்தார். மறுபடியும் அதே பிழை. டேட்டாபேஸ் மேலேயே கிராண்ட் ஆல் கொடுத்துப் பார்த்தார். அதே பிழை.

“அண்ணே, எல்லாப் பெர்மிஷனும் குடுத்தாச்சு. இன்னும் ஓனர் ஓனர்னே கத்துது. பேசாம ஆப்பை சூப்பர்யூசர் ஆக்கிரவா?”

அந்தக் கேள்வியோடுதான் விஷயம் என்னிடம் வந்தது. ஆக்கியிருந்தால் பிழை அன்றே போயிருக்கும் என்பது உண்மை. சூப்பர்யூசருக்கு எந்த அனுமதிச் சோதனையும் கிடையாது. அதோடு, காப்பி கட்டளை வழியாக சர்வரிலேயே நிரல்களை ஓட்டும் வசதியும் அவனுக்கு உண்டு. ஆப்பின் ஏதோ ஒரு தேடல் பெட்டியில், உள்ளிடுவதையே டேட்டாபேஸ் கட்டளையாக ஓடவிடும் எஸ்.க்யூ.எல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை இருந்தால், போவது பில் டேபிள் மட்டுமல்ல, மொத்த சர்வரும்தான். அதனால் அந்த யோசனையை முதலில் ஓரம் கட்டினோம்.

கிராண்ட் ஆலில் ஏன் அது இல்லை

தம்பி மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸில் பழகியவர். அங்கே டேபிளுக்கு ஓனர் என்று ஒருவர் கிடையாது. ஆல்டர் (அமைப்பை மாற்றுவது), டிராப் (அழிப்பது) எல்லாம் செலக்ட் (படிப்பது), இன்சர்ட் (வரி சேர்ப்பது) போலவே கொடுக்கக்கூடிய அனுமதிகள். கிராண்ட் ஆல் கொடுத்தால் அவையும் சேர்ந்தே வரும். அவர் எதிர்பார்த்ததில் தப்பே இல்லை. ஊர்தான் வேறு.

போஸ்ட்கிரெஸில் டேபிளை உருவாக்கிய ரோல்தான் அதன் ஓனர். டேபிளின் அமைப்பை மாற்றுவது, டேபிளையே அழிப்பது, இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடுவது ஆகியவை ஓனருக்கு மட்டும் உரியவை. அவற்றைத் தனியாகப் பிரித்து யாருக்கும் கிராண்ட் செய்ய வழியே இல்லை. கிராண்ட் ஆல் என்பது கொடுக்கக்கூடியவை எல்லாம் என்றுதான் பொருள்படும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் உழலாம், விதைக்கலாம், அறுக்கலாம். பத்திரம் பதிய பட்டாக்காரர்தான் வர வேண்டும், அது மாதிரி. ஆனால் ஒரு வழி உண்டு. ஓனர் ஒரு குழு ரோலாக இருந்து, நாம் அந்தக் குழுவின் உறுப்பினராக இருந்தால், ஓனரின் அதிகாரம் நமக்கும் வரும். போஸ்ட்கிரெஸ் 8.1-ல் இருந்து யூசர், குரூப் என்ற இரண்டும் ஒரே ரோல் ஆகிவிட்டன. லாகின் உள்ள ரோலை யூசர் என்கிறோம், இல்லாததைக் குரூப் என்கிறோம், அவ்வளவுதான். இந்த ஆய்வின் மிச்சம் முழுக்க இந்த ஒரு வழியில் நிற்கிறது.

யார் யாருக்கு எது சொந்தம்

பி.ஜி. டேபிள்ஸ் என்ற சிஸ்டம் வியூவில் (வியூ என்றால் டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்து வைத்த குவெரி) டேபிள் ஓனர் என்ற நெடுவரிசை இருக்கிறது. அதை வைத்து எண்ணிப் பார்த்தபோது டேபிள்கள் நாலு பேர் கையில் சிதறிக் கிடந்தன.

பழைய டேபிள்கள், ‘பில்’ உட்பட, ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற சூப்பர்யூசருக்குச் சொந்தம். முன்பு பதிப்பு 13-ல் ஓடிய டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றும்போது, டம்ப் (நகல் கோப்பு) எடுத்து, ‘நோ ஓனர்’ தேர்வோடு மீட்டிருக்கிறார்கள். அந்தத் தேர்வு போட்டால் மீட்பவரே எல்லாவற்றுக்கும் ஓனர். அந்த நேரத்தில் அப்படிச் செய்ததற்கும் காரணம் இருந்தது. பி.ஜி. டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும், ரோல்களை எடுக்காது. அதற்கு டம்ப் ஆலில் குளோபல்ஸ் ஒன்லி என்று தனியாக எடுக்க வேண்டும். எடுக்காததால் பழைய ஓனர்கள் புது சர்வரில் இல்லை. பிழை மேல் பிழை வந்ததும் ‘நோ ஓனர்’ போட்டு முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பின் வந்த சில டேபிள்கள், அப்போது வேலை பார்த்து இப்போது சென்னைக்குப் போய்விட்ட ஒரு டெவலப்பரின் சொந்த லாகினுக்குச் சொந்தம். ‘முன்பணம்’ அதில் ஒன்று. ஆப் தானே உருவாக்கிக்கொண்ட டேபிள்கள் ஆப் லாகினுக்குச் சொந்தம். நாலாவதுதான் யாரும் எதிர்பாராதது: ரிப்போர்ட் எழுதும் அக்காவின் லாகினுக்கும் சில டேபிள்கள் இருந்தன.

படிக்க மட்டும் என்று கொடுத்த லாகின் எப்படி டேபிள் உருவாக்கியது? 2022-ல் வந்த பதிப்பு 15 வரை, டேட்டாபேஸில் நுழைய முடிந்த எவரும் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் இயல்பாக வந்து சேரும் பொதுப் பிரிவு) டேபிள் உருவாக்கலாம் என்பதுதான் இயல்புநிலை. 15-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த மாற்றம் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்குத்தான். பழைய டம்ப்பை மீட்டால் பழைய அனுமதியும் கூடவே வந்துவிடும். 16-க்கு வந்துவிட்டோம், அதெல்லாம் பூட்டியிருக்கும் என்று அலுவலகத்தில் நம்பிக்கொண்டிருந்தார்கள். இது பல இடங்களில் இருக்கும் நம்பிக்கை. பதிப்பு எண்ணைப் பார்க்காமல் ஸ்கீமாவின் அனுமதிப் பட்டியலைப் பார்ப்பதே சரி.

அந்த அக்கா மேல் குறை சொல்ல முடியாது. புது டேபிள் வரும்போதெல்லாம் அவருக்கு ‘பெர்மிஷன் டினைட்’ வந்தது. கேட்டால் மறுநாள் கொடுப்பார்கள். பொறுத்துப் பார்த்து, ஒருநாள் தம்பியிடம் ‘போஸ்ட்கிரெஸ்’ லாகினின் பாஸ்வேர்டையே வாங்கி, தன் லாகினுக்குத் தானே படிக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டு, தேவையானதைத் தன் பெயரில் நகல் டேபிளாக எடுத்து வைத்துக்கொண்டார். விவசாயிகளின் போன் எண், வங்கிக் கணக்கு எண் உட்பட.

இந்தத் ‘தினம் ஒரு கிராண்ட்’ தொல்லைக்கும் காரணம் அகப்பட்டது. இனி உருவாகும் டேபிள்களுக்குத் தானாக அனுமதி போகட்டும் என்று ஆல்டர் டிபால்ட் பிரிவிலேஜஸ் கட்டளையை யாரோ ஏற்கெனவே ஓட்டியிருந்தார்கள், ஆனால் போஸ்ட்கிரெஸாக நுழைந்து. அந்தக் கட்டளையில் ‘ஃபார் ரோல்’ என்று சொல்லாவிட்டால், ஓட்டியவர் பின்னால் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது பொருந்தும். புது டேபிள்களை உருவாக்கியதோ வேறு லாகின்கள். கட்டளை பிழையில்லாமல் ஓடியது, ஒன்றுமே செய்யவில்லை. போஸ்ட்கிரெஸ் அனுமதி விஷயங்களில் ஆட்களை அதிகமாக ஏமாற்றுவது இதுதான் என்பது என் எண்ணம்.

எழுத்துகளைப் படிப்பது

போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அடிக்கும் பி.எஸ்.க்யூ.எல் திரையில் டி.பி. என்ற சுருக்கக் கட்டளை ஒவ்வொரு டேபிளின் அனுமதிப் பட்டியலையும் காட்டும். வரி இப்படி இருக்கும்: யாருக்கு, சமக்குறி, எழுத்துகள், சாய்கோடு, கொடுத்தவர். ‘ஆர்’ என்றால் படிக்கலாம், ‘ஏ’ என்றால் புது வரி சேர்க்கலாம், ‘டபிள்யூ’ திருத்தலாம். சின்ன ‘டி’ வரிகளை நீக்கலாம், பெரிய ‘டி’ டேபிளையே ஒரே அடியில் காலி செய்யலாம். சமக்குறிக்கு முன்னால் பெயரே இல்லாவிட்டால் பப்ளிக், அதாவது எல்லோருக்கும். பட்டியலே காலியாக இருந்தால் யாருக்கும் அனுமதி இல்லை என்று அர்த்தமில்லை. டேபிளைப் பொறுத்தவரை ஓனருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற இயல்புநிலை.

‘பில்’ டேபிளில் ஆப் லாகினுக்கு எதிரே எல்லா எழுத்தும் இருந்தன, பெரிய ‘டி’ உட்பட. பார்த்தவுடன் ஆப்பின் மெனுவில் கீழே இருந்த ‘சோதனைத் தரவை அழி’ என்ற பொத்தானைத் தம்பியிடம் காட்டினேன். நிறுவும்போது வைத்தது, எடுக்க மறந்தது. அதிகாலை நெரிசலில் யாராவது தட்டியிருந்தால் பில் டேபிள் துடைத்த மாதிரி ஆகியிருக்கும். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நிரலைத் திறந்து அதை முதலில் எடுத்தார்.

இன்னொன்று, டேபிளைவிட மோசமானது. தினமும் கணக்கை முடிக்கும் ஒரு ஃபங்க்‌ஷன், ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ என்று குறிக்கப்பட்டு, சூப்பர்யூசர் பெயரில் இருந்தது. அப்படிப்பட்ட ஃபங்க்‌ஷன் அழைப்பவரின் அதிகாரத்தில் ஓடாது, ஓனரின் அதிகாரத்தில் ஓடும். ஃபங்க்‌ஷனை ஓட்டும் அனுமதியோ இயல்பாகவே பப்ளிக்குக்கு உண்டு. ஆக, படிக்க மட்டும் வந்த லாகினும் சூப்பர்யூசர் தோளில் ஏறி அதை ஓட்டலாம்.

புது ஏற்பாடு

யாரும் லாகின் செய்ய முடியாத மூன்று ரோல்களை உருவாக்கினோம். ‘மண்டி ஓனர்’ எல்லா டேபிளுக்கும் சொந்தக்காரர். ‘மண்டி எழுது’ ரோலுக்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட். ‘மண்டி படி’ ரோலுக்கு செலக்ட் மட்டும். ஆப் லாகின் ‘மண்டி எழுது’வில் உறுப்பினர், ரிப்போர்ட் லாகின் ‘மண்டி படி’யில். ஆட்கள் வருவார்கள், போவார்கள். டேபிள் ஆள் பெயரில் இருக்கக்கூடாது, ஆப் பெயரிலும் இருக்கக்கூடாது என்பதுதான் இதன் சாரம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தம்பியை ‘மண்டி ஓனர்’ உறுப்பினர் ஆக்கினால் பழைய டேபிள்களை அவரால் மாற்ற முடியும். ஆனால் அவர் புதிதாக ஒரு டேபிள் உருவாக்கினால் அது அவர் பெயரிலேயே பதியும். குழுவின் பெயரில் அல்ல. உருவாக்குமுன் ‘செட் ரோல் மண்டி ஓனர்’ என்று மாறியிருக்க வேண்டும். மறந்தால் பழைய கதை மறுபடி தொடங்கும். எனவே மாற்றங்களை ஓட்டுவதற்கென்றே ஒரு லாகின் வைத்து, அது இந்த டேட்டாபேஸுக்குள் நுழைந்ததுமே ‘மண்டி ஓனர்’ ஆகிவிடும்படி ‘ஆல்டர் ரோல்’ வழியாக அமைத்தோம். தம்பியின் சொந்த லாகினுக்கு மட்டும் 16-ல் வந்த வசதியைப் பயன்படுத்தி, உறுப்பினர் ஆக்கும்போதே ‘இன்ஹெரிட் ஃபால்ஸ், செட் ட்ரூ’ என்று கொடுத்தோம். சும்மா நுழைந்தால் ஓனர் அதிகாரம் இல்லை. வேண்டுமென்றே செட் ரோல் செய்தால்தான் வரும். தூக்கக் கலக்கத்தில் டிராப் டேபிள் அடிக்கும் வாய்ப்பு அந்த ஒரு படியால் குறைகிறது.

ஒத்திகை

நேராகக் கடை டேட்டாபேஸில் கை வைக்காமல் நகல் எடுத்துப் பார்த்தோம். பார்த்தது நல்லதாகப் போயிற்று.

சென்னைக்குப் போனவரின் டேபிள்களை மாற்ற, ஒரு ரோலின் சொத்தையெல்லாம் இன்னொரு ரோலுக்கு மாற்றும் ‘ரீஅசைன் ஓன்ட்’ ஒரே வரியில் போதும். அதே வரியைப் போஸ்ட்கிரெஸ் ரோலுக்கு ஓட்டினால் மறுத்துவிடும். டேட்டாபேஸ் இயங்கவே தேவையான பொருள்கள் அந்த ரோலிடம் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு டேபிளாகத்தான் ‘ஆல்டர் டேபிள் ஓனர் டு’ செய்ய வேண்டும். டேபிள்கள் எல்லாம் பதிவாகியிருக்கும் பி.ஜி. கிளாஸ் பட்டியலில் இருந்து அந்த வரிகளையே ஒரு குவெரியால் உண்டாக்கிக்கொண்டோம். எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதித் தொகுப்பு) கொண்டுவந்த பொருள்களை அதில் இருந்து விலக்க வேண்டும், அவற்றைத் தொட வேண்டியதில்லை.

வேலை எளிதாகட்டும் என்று முதல் ஒத்திகையில் ரீஅசைனைத் தள்ளிவைத்து, எல்லா டேபிளையும் இந்தப் பட்டியல் வழியாகவே மாற்றிப் பார்த்தோம். உடனே ‘விவசாயி பாக்கி’ என்ற வியூ செத்தது. ‘பெர்மிஷன் டினைட் ஃபார் டேபிள் முன்பணம்’. விசித்திரம் என்னவென்றால், சூப்பர்யூசராக ஓட்டினாலும் அதே பிழை. வியூ அடியில் இருக்கும் டேபிளைத் தொடும்போது, அழைப்பவரின் அனுமதியைப் பார்க்காது. வியூவின் ஓனருக்கு அனுமதி உண்டா என்றுதான் பார்க்கும். டேபிள்கள் ‘மண்டி ஓனர்’ கைக்குப் போய்விட்டன, வியூ இன்னும் சென்னைக்காரர் பெயரில். அவருக்கோ இப்போது ஒன்றும் இல்லை. வியூக்களையும் பட்டியலில் சேர்த்ததும் சரியாயிற்று.

இந்தக் குணத்தையே பிறகு நன்மைக்கும் பயன்படுத்தினோம். ரிப்போர்ட்டுக்கு ‘விவசாயி’ டேபிளைக் கொடுக்கவில்லை. பெயர், ஊர், பாக்கித் தொகை மட்டும் உள்ள வியூவைக் கொடுத்தோம். வங்கிக் கணக்கு எண் ஓனரோடு நின்றுவிடும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை நியாயமான அளவுக்குக் காக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பூக்கடைக்கு அவ்வளவு போடமாட்டார்கள் என்று கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் அந்த நகல் டேபிள்களை அழிக்கச் சொன்னதும் அவர்தான்.

அடுத்த ஆபத்து இன்னும் நுணுக்கமானது. ஓனர் மாறும்போது, அனுமதிப் பட்டியலில் பழைய ஓனர் இருந்த இடத்தில் புது ஓனர் பெயர் ஏறிவிடும். பழைய ஓனருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஆப் லாகினுக்குச் சொந்தமாக இருந்த டேபிள்களை மாற்றிய அந்த நொடியே, ஆப்பால் அவற்றைப் படிக்கக்கூட முடியாது. கிராண்டை அப்புறம் கொடுக்கலாம் என்று விட்டால் நடுவில் பில் நிற்கும். நல்லவேளை, போஸ்ட்கிரெஸில் ஆல்டர், கிராண்ட் போன்றவையும், எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்கும். பிகின் போட்டு, ஓனர் மாற்றம், கிராண்ட் எல்லாம் செய்து, ‘செட் ரோல்’ வழியாக ஆப்பாகவே மாறி ஒரு பில் போட்டுப் பார்த்து, பிறகு ரோல்பேக் செய்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினோம்.

அந்தச் சோதனை பில்தான் கடைசிப் பிழையைக் காட்டியது: ‘பெர்மிஷன் டினைட் ஃபார் சீக்வென்ஸ்’. பழைய டேபிள்களில் பில் எண் சீரியல் வகை. அதன் பின்னால் இருந்து அடுத்தடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ், ஓனர் மாறும்போது டேபிளோடு தானாகவே போய்விடுகிறது. ஆனால் டேபிளில் இன்சர்ட் கொடுத்தால் சீக்வென்ஸுக்கு யூசேஜ் அனுமதி தானாக வராது. தனியாகக் கொடுக்க வேண்டும். பதிப்பு 10-ல் வந்த ஐடென்டிட்டி வகை நெடுவரிசைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மாற்றிய நாள்

ஓனர் மாற்றம் டேபிளுக்கு முழுப் பூட்டு போடும். டிரான்சாக்‌ஷன் முடியும்வரை செலக்ட் கூட நடக்காது. அதைவிட, எங்கோ ஒரு ரிப்போர்ட் நீளமாக ஓடிக்கொண்டிருந்தால் நம் கட்டளை அதற்காகக் காத்திருக்கும். நமக்குப் பின்னால் வரும் எல்லாக் குவெரியும் நமக்காகக் காத்திருக்கும். எனவே பூட்டுக்காக அதிகபட்சம் காத்திருக்கும் நேரமான லாக் டைம்அவுட்டை 5 விநாடி வைத்துவிட்டு, பூ வரத்து அடங்கிய பிற்பகலில் ஓட்டினோம். முதலில் பூட்டு கிடைக்காமல் திரும்பிவந்தது. பார்த்தால் ரிப்போர்ட் அக்காவின் எடிட்டர் ஜன்னல் ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்தபடியே வைத்திருந்தது. “அக்கா, அதைக் கொஞ்சம் மூடிருங்களேன்” என்று போனில் சொன்னதும் வேலை முடிந்தது.

பின்னாலேயே பப்ளிக் ஸ்கீமாவில் உருவாக்கும் அனுமதியைப் பப்ளிக்கிடம் இருந்து ரிவோக் செய்து (திரும்பப் பெற்று), ‘மண்டி ஓனர்’க்கு மட்டும் கொடுத்தோம். டிபால்ட் பிரிவிலேஜஸை இந்த முறை ‘ஃபார் ரோல் மண்டி ஓனர்’ என்று சொல்லி, டேபிள், சீக்வென்ஸ் இரண்டுக்கும் ஓட்டினோம். ரிப்போர்ட் பக்கம் மட்டும் தானாகப் போகட்டும் என்று விடவில்லை; எந்த டேபிளில் என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் அங்கே கையால் கிராண்ட் செய்வதையே தேர்ந்தெடுத்தோம். அக்காவுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கேட்ட அன்றே கொடுப்பது என்று பேசித் தீர்த்தோம். கணக்கு முடிக்கும் ஃபங்க்‌ஷனின் ஓனரை ‘மண்டி ஓனர்’ ஆக்கி, பப்ளிக்கிடம் இருந்து அதையும் எடுத்தோம்.

கடைக்காரர் கேட்ட ஒன்று: பதிவு போடும் பையன்கள் கமிஷன் விகிதத்தை மாற்றக்கூடாது. தம்பி, ‘பில்’ டேபிளில் அப்டேட் இருக்கட்டும், கமிஷன் நெடுவரிசைக்கு மட்டும் ரிவோக் போட்டுவிடலாம் என்றார். அது வேலை செய்யாது. டேபிள் முழுக்கக் கொடுத்த அனுமதியில் ஒரு நெடுவரிசையை மட்டும் குடைந்து எடுக்க முடியாது, பிழையும் வராது. டேபிள் அளவிலான அப்டேட்டை முழுக்க எடுத்துவிட்டு, திருத்தலாம் என்ற நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படியே செய்தோம். விளைவாக, இனிப் புது நெடுவரிசை கூட்டும்போதெல்லாம் அதற்கும் அப்டேட் கிராண்ட் எழுத வேண்டும். வண்டி வாடகைதான் அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் பெயர்.

சென்னைக்குப் போனவரின் ரோலை நீக்கப் போனபோது இன்னும் ஒரு தடை. ரீஅசைன் செய்த பிறகும் டிராப் ரோல் மறுத்தது. விவரத்தில் ‘டெஸ்ட்’ டேட்டாபேஸில் சில பொருள்கள் இருக்கின்றன என்றது. ரீஅசைன் ஓன்ட் நாம் நுழைந்திருக்கும் டேட்டாபேஸின் டேபிள்களை மட்டும்தான் மாற்றும். ஒவ்வொன்றாக நுழைந்து செய்ய வேண்டும். அதன் பின் ‘டிராப் ஓன்ட்’ ஓட்டினால் அவருக்குத் தரப்பட்டிருந்த மிச்ச அனுமதிகள் கழியும். வரிசை முக்கியம். ரீஅசைனுக்கு முன்னால் டிராப் ஓன்ட் ஓட்டினால் அவர் பெயரில் இருக்கும் டேபிள்களே போய்விடும், தரவோடு.

டெஸ்ட் டேட்டாபேஸில் யாருக்கும் வேண்டாத பழைய நகல்கள்தான் இருந்தன. அதையே மொத்தமாக அழித்து ரோலை நீக்கினோம். போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு மாற்றப்பட்டு, இப்போது அலுவலக முதலாளியிடம் மட்டும் இருக்கிறது. பேக்கப் வேலை இன்னும் சூப்பர்யூசராகத்தான் ஓடுகிறது. 14-ல் வந்த ‘ரீட் ஆல் டேட்டா’ ரோலுக்கு அதை மாற்றுவது தம்பியின் அடுத்த வேலைப் பட்டியலில் இருக்கிறது.